சாக்கு யூரியா

வாலாஜாபாத் அரிசி ஆலை முற்றத்தில் எங்கள் லாரி முழு லோடோடு நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஆரோக்கியம் மிதிக்கிறார், இன்ஜின் உறுமுகிறது, ஆனால் முற்றத்திலிருந்து சாலைக்கு ஏறும் அந்தச் சின்ன மேட்டில் வண்டி ஏற மாட்டேன் என்கிறது. டாஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாக விளக்குகள் கண்சிமிட்டின. வெயிலில் தவிட்டு வாசனை மூக்கை அடைத்தது.

சர்வீஸ் சென்டரிலிருந்து ரிஹானா வந்திருந்தாள். லேப்டாப்போடு வந்து லாரிக்கு வைத்தியம் பார்க்கும் இன்ஜினியர் பெண். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி டேங்கின் நீல மூடியைத் திறந்தாள். ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்து மோந்து பார்த்தாள். முகம் மாறியது.

"சார், இதுல வேப்பெண்ணெய் வாசனை வருது. வண்டிக்கு ஊத்தற யூரியாவுல இது வரவே கூடாது. யாரோ வயலுக்குப் போடற சாக்கு யூரியாவைக் கரைச்சு ஊத்தியிருக்காங்க."

என் கணவர் தனசேகர் ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பினார். சுற்றிலும் லோடு ஏற்றிய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கேனை எங்கடா வித்த? நல்ல யூரியாவை வித்துட்டு இந்தக் கருமத்தைக் கரைச்சு ஊத்தியிருக்க. இத்தினி வருஷம் சோறு போட்ட வூட்லயே திருடறியா?"

ஆரோக்கியம் வண்டியிலிருந்து இறங்கினார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சாவியை என் கணவர் கையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

நான் மொபைலில் அந்த லோடுக்கான பில்லைப் போட்டுக்கொண்டு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். யூரியாவைக் கரைத்து ஊற்றியவள் நான்தான். வாயைத் திறக்கவில்லை.

புகை வந்தால்தான் இழுவை

இந்தத் தொடரில் கல்யாணம், மாமியார், மாட்டுக் கொட்டகை எல்லாவற்றையும் எழுதிவிட்டு லாரியைப் பற்றி மட்டும் எழுதாமல் நழுவுகிறேன் என்று என் நாத்தனார் போன வாரம் போனில் சண்டை போட்டாள். நழுவியது உண்மைதான். லாரி என்றால் ஆரோக்கியம் வருவார். ஆரோக்கியம் வந்தால் அந்த முற்றமும் வந்துவிடும்.

எங்களிடம் இதுவரை மூன்று லாரிகள் இருந்திருக்கின்றன, எப்போதும் ஒரு சமயத்தில் ஒன்றுதான். மூன்றையும் ஓட்டியவர் ஆரோக்கியம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் முதல் நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் 'அக்கா'.

முதல் லாரி வாங்கியபோது காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அந்த இன்ஜினில் கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. டீசலைப் பீச்சியடிக்க ஒரு பம்ப், அந்தப் பம்பில் ஒரு ஸ்க்ரூ. இழுவை போதவில்லை என்றால் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரைச் சுற்று சுற்றுவார். டீசல் கூடுதலாகப் போகும், வண்டி இழுக்கும், பின்னால் கரும்புகை கிளம்பும். புகை எவ்வளவு கருப்போ அவ்வளவு பலம் என்று எல்லோரும் நம்பினார்கள். புகைப் பரிசோதனைக்குப் போகும் அன்று மட்டும் ஸ்க்ரூவை இறக்கிவிட்டு, சர்ட்டிபிகேட் கைக்கு வந்ததும் பழையபடி ஏற்றிவிடுவார்கள். என் கணவரும் ஏற்றியவர்தான். அவரைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைக்காது.

அந்தத் தெருவில் விடிந்ததும் பாவு போடுவார்கள். தறியில் நெய்ய வேண்டிய பட்டு நூலையெல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரித்துக் காய வைப்பார்கள். ஒருநாள் அந்த நேரத்தில்தான் எங்கள் லாரி ஸ்டார்ட் ஆனது. காற்று அன்றைக்குப் பார்த்துத் தெருப் பக்கம் வீசியது. எதிர்வீட்டு அம்மாவின் சந்தன நிறப் பாவு முழுக்கக் கரித்தூள்.

வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற அந்த அம்மா, அன்று இரண்டிலும் என்னைத் திட்டினார். எனக்குத் தெலுங்கு தெரியாதது ஒரு வசதி. ஆனால் அந்த நூலைப் பார்த்தபோது திட்டியது போதாது என்று எனக்கே தோன்றியது.

மறுநாளிலிருந்து ஆரோக்கியம் வண்டியை ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். காலையில் அங்கிருந்து நடந்து வந்து டீ குடிப்பார். டீ டம்ளரை வாங்கிக்கொண்டே, "பாவு போட்டுக்கினு இருக்காங்களாக்கா?" என்று கேட்பார். இருக்கிறார்கள் என்றால் அவர்கள் சுருட்டி எடுக்கும்வரை காத்திருந்துதான் வண்டியை எடுப்பார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. என் கணவர் லேட்டாகிறது என்று கத்துவார், இவர் காதில் விழாத மாதிரி இன்னொரு டீ கேட்பார்.

ஐந்தாம் வகுப்பு படிக்காத இன்ஜின்

இரண்டாவது லாரிக்கு டர்போ இருந்தது. வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரம் சுற்றி, அது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கிக் கொடுக்கும். காற்று நிறையப் போனால் டீசல் நன்றாக எரியும், கரி குறையும். மேடு ஏறும்போது மெலிசாக ஒரு விசில் கேட்கும். ஆரோக்கியத்துக்கு அந்த விசில் ரொம்பப் பிடிக்கும், அது கேட்டால் ரேடியோவை அணைத்துவிடுவார்.

பிறகு அரசாங்கம் புகைக்கு வகுப்பு வகுப்பாகச் சட்டம் கொண்டுவந்தது. மூன்று, நான்கு என்று படித்துக்கொண்டு வந்த இன்ஜின்கள், ஐந்தைப் படிக்காமலேயே நேராக ஆறுக்கு டபுள் பிரமோஷன் வாங்கிப் போயின. நாங்கள் மூன்றாவது லாரி வாங்கியது அந்த ஆறாம் வகுப்புக் காலத்தில்.

அதற்குள் நாங்கள் முசரவாக்கத்தில் அப்பா கொடுத்த நிலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். புது வண்டி வாசலுக்கு வந்த அன்று ஆரோக்கியம் அரை மணி நேரம் இன்ஜினைக் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாக்கா இது, ஸ்க்ரூ வைக்கக்கூட எடம் இல்லியே? எல்லாம் ஒயரா இருக்குது."

கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். இன்ஜினை ஓடவிட்டுவிட்டுப் பின்பக்கம் போனார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து சைலன்சர் வாயில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து என் முன்னால் விரித்துக் காட்டினார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அவர் முகத்தில் அன்று அப்படி ஒரு சிரிப்பு. அந்த நிமிஷத்திலிருந்து அந்த வண்டி அவருடையதுதான், நாங்கள் பெயருக்கு ஓனர்கள்.

பழைய லாரியின் பெருமையைப் பேசிப் பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளை இரண்டு முறை துவைத்தவள் நான், எனக்கு அந்தப் பெருமூச்சு வராது. புது இன்ஜினை நான் மனசார நேசித்தேன். கரியை ஒரு வடிகட்டி பிடித்து வைத்துக்கொண்டு, சூடேறியதும் தானே எரித்துச் சாம்பலாக்கிவிடும் என்று ஆரோக்கியம் விளக்கியபோது, இப்படி ஒன்றை என் சமையலறைக்கும் போட முடியுமா என்று கேட்டேன்.

யூரியா என்றால் யூரியாதானே

இந்த வண்டியில் இன்னொரு சங்கதி உண்டு. கரி போனாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு நச்சு வாயு புகையில் மிச்சம் இருக்கும். சைலன்சருக்குப் போகிற வழியில் அதன்மேல் ஒரு மருந்துத் தண்ணீரைத் தெளித்தால், சூட்டில் அது கலந்து, நச்சு முறிந்து, சும்மா காற்றும் நீராவியுமாக வெளியே போய்விடும். அந்த மருந்துத் தண்ணீருக்குத்தான் நீல மூடி போட்ட குட்டி டேங்க்.

கம்பெனிக்காரர்கள் அதற்கு மூன்றெழுத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். லாரிக்காரர்கள் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கிருந்து வடநாடு வரைக்கும் டிரைவர்கள் வாயில் அது யூரியா. யூரியா போட்டாச்சா, யூரியா தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்.

நான் விவசாயி வீட்டுப் பெண். நடக்கக் கற்றுக்கொண்டதே உர மூட்டையைப் பிடித்துத்தான். இனி நடந்ததை நீங்களே ஊகிக்கலாம், ஆனாலும் சொல்கிறேன்.

என் கணவர் இரண்டு நாள் சென்னைக்குப் போயிருந்தார். ஆரோக்கியம் மாதா கோயிலில் தன் மகளுக்கு நடந்த விசேஷத்துக்கு லீவு போட்டுவிட்டு, வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுத்தார்.

"யூரியா லைட்டு எரியுதுக்கா. அண்ணன் வந்தா ஊத்தி வைக்கச் சொல்லுங்க."

அண்ணன் எதற்கு? கொட்டகையில் நாற்றுக்கு வாங்கிய மூட்டை பாதி மிச்சம் இருந்தது. இந்தச் சின்ன வேலைக்கு ஒரு ஆம்பிளை வந்துதான் ஆக வேண்டுமா என்று எனக்கு ஒரு ரோஷம். குடத்தில் போர்த்தண்ணீரைப் பிடித்து, யூரியாவை அள்ளிப் போட்டு, கட்டியில்லாமல் கையாலேயே கரைத்தேன். தூசி போகக்கூடாதே என்று பழைய வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டினேன். புனல் வைத்து நிதானமாக ஊற்றி நீல மூடியைத் திருகினேன். கையில் வேப்பெண்ணெய் நாறியது. இப்போதெல்லாம் மூட்டையில் வரும் யூரியாவில் வேப்பெண்ணெய் தடவித்தானே வருகிறது, அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உள்ளே போய் ஒரு காபி போட்டுக் குடித்தேன். அவ்வளவு திருப்தி.

லீவு முடிந்து வந்த ஆரோக்கியம் டாஷ்போர்டைப் பார்த்தார்.

"அண்ணன் யூரியா ஊத்திட்டாராக்கா?"

"ஊத்தியாச்சு," என்றேன். நானே ஊற்றினேன் என்று அப்போதே பெருமையடித்திருந்தால், மனுஷர் அந்த நிமிஷமே தலையில் அடித்துக்கொண்டு டேங்கைக் கழுவியிருப்பார். அன்று பார்த்து எனக்கு அடக்கம் வந்துவிட்டது.

சென்னைக்குப் போன முதல் நடை ஒழுங்காகத்தான் போனது. திரும்பும்போது விளக்குகள் எரிந்தன. நச்சு முறியவில்லை என்று புகைக்குழாயில் இருக்கும் சென்சார் கண்டுபிடித்துவிட்டது. அப்படிக் கண்டுபிடித்தால் இந்த இன்ஜின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஓனர் ஒழுங்காக மருந்து ஊற்றுகிறவரைக்கும் வேலைநிறுத்தம். மறுநாள் முழு லோடு ஏறியதும் முற்றத்து மேட்டில் படுத்துக்கொண்டது.

டீ ஆறும்வரை

முற்றத்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என்ன சாக்கு சொன்னாலும் அது சாக்குதான். அந்த ஆலையில் என்னை லாரிக்காரம்மா என்பார்கள், பில் விஷயத்தில் ஒரு சந்தேகம் என்றால் மேனேஜரே என்னைத்தான் கேட்பார். அத்தனை பேர் முன்னால் முட்டாளாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் வெட்கத்துக்காக இன்னொருவர் திருடனாக நடந்து போனார்.

அன்று சாயங்காலம் என் கணவருக்கு டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்த யூரியாவை ஊத்தினது நான்."

அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே டீயை ஆறவிட்டார்.

"ஏன்டி அங்கியே சொல்லல?"

"நீங்க ஏன் ஒரு வார்த்தை கேக்காம கத்தினீங்க?"

அவர் எழுந்து கொட்டகைக்குப் போய் அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். எதற்குப் பார்த்தார் என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. முற்றத்தில் ஆரோக்கியம் என்னைப் பார்த்த அந்தப் பார்வை. அண்ணன் ஊற்றவில்லை என்றால் யார் ஊற்றியது என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அக்கா என்ற பாசம்தான் என்று நினைத்து நினைத்து உருகினேன்.

எங்கே சொன்னீர்களோ அங்கே

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் கூரத்துக்குப் போனோம். அவர் வீடு அங்கேதான். கிட்டத்தட்ட இருபது வருஷமாக எங்கள் வீட்டில் டீ குடித்தவர், சாப்பிட்டவர். அவர் வீட்டு வாசற்படியை நாங்கள் மிதிப்பது அதுதான் முதல் தடவை. அது எனக்கு வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. வழி கேட்டுத்தான் போனோம்.

ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா பட்டுக் கடையில் புடவை மடித்து வைக்கிற வேலை பார்ப்பவர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். ஆரோக்கியம் சுவரில் சாய்ந்து நின்றார், உட்காரவில்லை.

"தப்பாயிடுச்சுப்பா," என்றார் என் கணவர். "விஷயம் வேற மாதிரி ஆயிப்போச்சு. நீ ஊத்தல, தெரிஞ்சுபோச்சு. மனசுல வச்சுக்காத. வண்டி நாளைக்கு ரெடியாயிடும், வந்து எடு."

ஆரோக்கியம் தரையைப் பார்த்தார். ஸ்டெல்லாதான் பேசினார்.

"அண்ணே, இவரைத் திருடன்னு சொன்னது ரைஸ் மில்லுல. இங்க எங்க வூட்டுக்குள்ள வந்து மெதுவா சொன்னா, அங்க நின்னுக்கினு இருந்தவங்களுக்கு எப்படி கேக்கும்? எங்க சொன்னீங்களோ, அங்க சொல்லுங்க."

குரல் உயரவே இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவர் முணுமுணுத்தார். "லோடுமேனுங்க முன்னாடி டிரைவர்கிட்ட போய்க் கைகட்டி நிக்கணுமா? வேற ஆளு கெடைக்காமலா போயிடும்?"

"நீங்க வர வேணாம். நான் போய் சொல்றேன்," என்றேன்.

அவர் ஸ்கூட்டரின் வேகத்தைக் கூட்டினார்.

மூட்டைகளை இறக்கிவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோன வண்டியில், ரிஹானா டேங்கைக் கழற்றி, சுத்தத் தண்ணீரால் அலசி, உப்புப் பூத்து அடைத்திருந்த தெளிப்பானை மாற்றினாள். புகைக்குழாய்க்குள் நச்சை முறிக்கிற விலையுயர்ந்த சமாச்சாரம் தப்பியது. மறுநாள் வண்டியை ஆலைக்கு என் கணவர்தான் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆரோக்கியத்துக்கு நான் போன் செய்திருந்தேன், அவரும் வந்து முற்றத்து ஓரத்தில் நின்றார். அதே ஆட்கள் மூட்டை ஏற்றினார்கள்.

லோடு ஏறி முடிந்ததும் என் கணவர் தொண்டையைக் கனைத்தார். காது வரை சிவந்திருந்தார்.

"யப்பா, எல்லாரும் கேட்டுக்கோங்க. அன்னிக்கு நான் ஆரோக்கியத்தைத் திருடன்னு சொன்னது தப்பு. எங்க வூட்ல தெரியாம ஊத்திட்டாங்க."

வீட்டில் என்றால் பெண்டாட்டி. பெயர் சொல்லாமல் என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குப் பிரியம்கூட வந்தது. ஆனால் அப்படி ஒளிந்து ஒளிந்துதான் இவ்வளவும் நடந்தது.

"வூட்லன்னா நான்தான்," என்றேன் சத்தமாக. "யூரியான்னா வயலுக்குப் போடறதுன்னு நெனைச்சுக் கரைச்சு ஊத்தினேன். அன்னிக்கு இங்கதான் நின்னேன், வாயைத் தெறக்கல. ஆரோக்கியம் மேல ஒரு தப்பும் இல்ல."

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். நான் ஆரோக்கியத்தின் பக்கம் போனேன்.

"நான்தான்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும். எனக்காகச் சொல்லாம இருந்தீங்க," என்றேன்.

அவர் என்னைச் சங்கடமாகப் பார்த்தார். எனக்கு வலிக்காமல் சொல்ல வார்த்தை தேடுகிறார் என்று தெரிந்தது.

"உங்களுக்காக இல்லக்கா. நான் சொல்லியிருந்தாலும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவீங்க. திருடனதும் இல்லாம அக்கா மேல பழியும் போடறான்னு ஆயிருக்கும். யாரு நம்பியிருப்பாங்க?"

"சீச்சீ, நம்பியிருப்பேன்பா," என்றார் என் கணவர் அவசரமாக.

ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். அந்த வார்த்தையோடு நானும் சேர்ந்து தலையாட்டியிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"இல்ல, ஆரோக்கியம்," என்றேன். "நம்பியிருக்க மாட்டோம்."

அவர் என் கணவரிடம் சாவிக்காகக் கையை நீட்டினார். பிறகு, "வெயில்ல நிக்காதீங்கக்கா, வண்டில ஏறுங்க," என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டுக்கு ஏறினார்.